மூன்று நாள் இருட்டு

டியூனா சாண்ட்விச் தட்டில் அப்படியே இருந்தது. ரொட்டியின் ஓரம் காய்ந்து மேலே சுருண்டிருந்தது. நடுவில் மயோனைஸ் வியர்த்து மஞ்சள் தட்டியிருந்தது. நோரீன் அதைக் குப்பையில் தட்டிவிட்டுத் தட்டைக் கழுவும்போது எண்ணிப் பார்த்தாள். திங்கள், செவ்வாய், புதன், இன்று வியாழன். நான்கு நாளாக அவள் கணவன் டெல்பர்ட் ஒரு வாய் தின்னவில்லை. முப்பத்தோரு வருடத்தில் அந்த மனிதன் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டதாக அவளுக்கு நினைவில்லை. பெற்ற தாயைப் புதைத்துவிட்டு வந்த கையோடு இரண்டு தட்டு உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டவன் அவன்.

கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் வந்து மூக்கில் அப்பியது. அலை வடிந்துபோன கரையில் நத்தையும் பாசியும் வெயிலில் வேகுமே, அந்த நாற்றம். டூசானிலிருந்து கடலுக்குக் காரில் நாலு மணி நேரம் ஆகும். இங்கே சுற்றிலும் மணலும் கள்ளியும்தான். ஆனால் இந்த ஒரு அறை மட்டும் ஈரமாக, உப்பாக, கொழகொழப்பாக நாறியது.

டெல் நாற்காலியைப் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில், கூரையிலிருந்து வெயில் இறங்கும் வட்டத்துக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். தலை பின்னால் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. வாய் மட்டும் திறந்திருந்தது, தூங்குபவன் வாய் தொங்குவது மாதிரி இல்லாமல், அவள் வேலை பார்த்த பல் மருத்துவமனையில் 'ஆ காட்டுங்க' என்றால் காட்டுவார்களே, அந்த மாதிரி முழுதாக.

"டெல்."

வாய் மெல்ல மூடியது. அப்புறம்தான் கண் திறந்தது.

"அந்த சாண்ட்விச் என்ன பாவம் பண்ணுச்சு உனக்கு?"

"பசிக்கல நோரீன்."

"நாலு நாளாவா பசிக்கல? வயித்துல கான்கிரீட் கொட்டி வச்சிருக்கியா?"

அவன் சிரித்தான். உதட்டை மூடிக்கொண்டே சிரித்தான். "வெயில் நல்லா இருக்கு இன்னிக்கு," என்றான்.

இந்தத் தொட்டியே அவளுக்கு ஆகாது. டெல் முப்பது வருடம் ஏசி வேலை பார்த்தவன். தகரக் குழாய் என்றால் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓய்வு பெற்ற மறு மாதமே கூரையில் நான்கு இடத்தில் வட்டமாக ஓட்டை போட்டான். மேலே கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு கண்ணாடி மூடி. அதிலிருந்து தொட்டிக்கு நேர் மேலே வரை, உட்புறம் கண்ணாடியாகப் பளபளக்கும் குழாய். பாலைவனத்து வெயில் நாலு தூணாகத் தண்ணீருக்குள் இறங்கியது. பத்து வருடமாகப் பவளத்துக்கு எரிந்த நீல விளக்குகளைக் கழற்றி எறிந்தான். "விளக்கு என்னத்துக்கு? மேல அவ்வளவு பெரிய விளக்கு சும்மா எரிஞ்சிட்டுக் கிடக்கே!" என்று பவளக்காரர்கள் சங்கத்தில் பீற்றிக்கொண்டான்.

வெயில் விழ ஆரம்பித்த மூன்றாவது வாரம், பத்து வருடமாகச் சும்மா கிடந்த பாறை ஒன்றில் ஏதோ முளைத்தது. பழுப்பு நிறத்தில், பயறு அளவில், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் சின்ன விரல்கள், நடுவில் ஒரு கீறல். காலையில் வெயில் பட்டால் விரியும். சாயங்காலம் சுருங்கிச் சளிப் படலம் மாதிரி ஆகிவிடும். எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பெயர் இல்லை. டெல்லுக்குத் தலைகால் புரியவில்லை. நோரீனுக்கு அதைப் பார்த்தாலே குமட்டியது. அவ்வளவு வாய்கள், எல்லாம் மேலே பார்த்துக்கொண்டு.

தொட்டியின் அழுக்கை வெளியேற்ற டெல் குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவான். பவளம் வளர்ப்பவர்கள் பாதிப் பேர் அப்படித்தான். உப்புத் தண்ணீர் நாக்கைத் தொட்டதும் குழாயை வாளியில் போட்டுவிட்டுத் துப்புவார்கள். "வாயா அது, சாக்கடையா?" என்று நோரீன் கரடியாய்க் கத்தியும் கேட்டதில்லை. மே மாதக் கடைசியில் ஒருநாள் குழாய் அடைத்துக்கொண்டது. டெல் கன்னம் குழிய உறிஞ்சினான். அடைப்பு விட்டது. அவன் தொண்டை ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள். கொழகொழவென்று எதையோ விழுங்கிய தொண்டை.

"துப்பு! டெல், துப்பித் தொலை!"

"உள்ள போயிடுச்சு," என்று இருமிக்கொண்டே சிரித்தான். "ஒரு மடக்கு கடல். செத்தா போயிடுவேன்?"

அன்றிலிருந்து அவள் அவனை உதட்டில் முத்தமிடவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் அவன் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தபோது, நோரீன் தன் பழைய பெட்டியிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். இருபத்தாறு வருடம் ஊரார் பல்லைச் சுத்தம் செய்தவள். புண், சீழ், அழுகல் எல்லாம் பார்த்த கண். எதற்கும் முகம் சுளித்ததில்லை. மெதுவாகக் குனிந்தாள். நாக்கு தடித்து, பழுப்பாக, மாவு பூசினாற்போல் இருந்தது. அவ்வளவுதான். வயிற்றுக் கோளாறு என்று மூச்சு விட்டாள். அப்போதுதான் தன் தலையின் நிழல் அவன் வாய்க்குள் விழுந்திருப்பதைக் கவனித்தாள்.

தலையை நகர்த்தினாள். வெயில் உள்ளே விழுந்தது.

நாக்கு விரிந்தது. நாக்கு முழுக்க, கன்னத்தின் உட்புறம் முழுக்க, ஈறின் மேல், அண்ணத்தில், உள்நாக்கைச் சுற்றி, தொண்டையின் இருட்டு தொடங்கும் இடம் வரைக்கும், பழுப்புப் பயறுகள் ஒவ்வொன்றாக எழும்பி விரல் விரித்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கீறல். அந்தக் கீறல்கள் மூடி மூடித் திறந்தன. எச்சில் நூலாக இழுபட்டது. கையிலிருந்த கண்ணாடி சரிந்து அதன் விளிம்பு ஒன்றைத் தொட்டது. அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே இழுத்துக்கொண்டன. மறுபடி வெறும் நாக்கு.

நோரீன் சமையலறைத் தொட்டிக்கு ஓடி, வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாத அளவுக்கு வாந்தி எடுத்தாள்.

அன்று மாலையே டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தார். அந்த வெளிச்சத்துக்கு எதுவும் அசையவில்லை. "நாக்குல பூஞ்சை," என்று வாய் கொப்பளிக்க மருந்து எழுதினார். எடை குறையவில்லையே, ரத்த அழுத்தம் இருபது வயதுப் பையன் மாதிரி இருக்கிறதே என்று டெல்லின் தோளைத் தட்டிக்கொடுத்தார். நோரீன் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? வெயில்ல வச்சுப் பாருங்க, பூக்கும் என்றா? திரும்பி வரும்போது அவள்தான் கார் ஓட்டினாள். டெல் ஜன்னலை இறக்கிவிட்டு, சாயும் வெயிலுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு வந்தான்.

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவன் தன் மேஜையில் வந்து உட்கார வேண்டும். தட்டில் போட்டதைத் தின்ன வேண்டும். உப்பு பத்தலை என்று குறை சொல்ல வேண்டும். அதற்கு எது வேண்டுமானாலும் செய்யலாம் என்றிருந்தது.

சனிக்கிழமை ராமிரோவைக் கூப்பிட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். பவளக்காரர்கள் சங்கத்தில் டெல்லுக்கு உயிர்த் தோழன்.

"ராமிரோ, தொட்டியில வேண்டாததெல்லாம் முளைச்சா நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"அட, நோரீன் தொட்டியைப் பத்திக் கேக்குறீங்களா? இன்னிக்கு மழைதான்!"

"கிண்டல் அப்புறம் பண்ணுங்க. வெயிலைத் தின்னு வளருற பாசி ஒண்ணு. என்ன பண்ணணும்?"

"மூணு நாள் இருட்டு. அதைத்தான் எல்லாரும் பண்ணுவோம். தொட்டியைப் போர்வை போட்டு மூடிடணும். ஒரு பொட்டு வெளிச்சம் போகக் கூடாது. நடுவுல எட்டிப் பாக்கவே கூடாது. பழுப்பா கக்கும், நாறும், பயந்துடாதீங்க. மூணு நாள்ல செத்துடும்."

"நெஜமாவா?"

"பாசி செத்துடும். பவளம்தான் கொஞ்சம் வெளுத்துப் போகும். வெயில் இல்லேன்னா அதுக்குப் பசிக்கும்ல? பகல்ல பூ மாதிரி சாதுவா இருக்கும், பசி வந்தா கை நீட்ட ஆரம்பிச்சிடும். பக்கத்துல மீனு கீனு இல்லாம பாத்துக்கோங்க. அப்புறம், டெல் எனக்கு ஒரு துண்டு தரேன்னு சொல்லியிருக்கான். புதன்கிழமை மத்தியானம் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிடுங்க."

அவள் மனதில் நின்றது 'செத்துடும்' என்ற ஒரு சொல்தான்.

துண்டு என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும். அந்த மனிதர்களின் பழக்கம் அது. நல்ல பவளம் கிடைத்தால் அதில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, சின்னக் கல் சில்லின் மேல் பசை வைத்து ஒட்டி, நம்பகமான ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நாளைக்குத் தன் தொட்டி செத்தாலும் அவன் வீட்டில் அது உயிரோடு இருக்கும். டெல் அதற்கென்று பள்ளம் பள்ளமான ஒரு தட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் யாருக்கு, என்றைக்கு என்று சீட்டு எழுதி ஒட்டுவான்.

பொழுது சாய்ந்து, கூரை வட்டங்கள் நாலும் சாம்பல் பூத்தபோது டெல்லிடம் எல்லாம் சொன்னாள். வெயில் போய்விட்டால் அவன் பேச்சு மெதுவாகிவிடும்.

"நீ பாத்துட்டியா," என்றான்.

"பாத்தேன்."

"அசிங்கமா இருந்துச்சா?"

"ஆமா டெல். ரொம்ப அசிங்கமா இருந்துச்சு." அவள் அழுதுவிட்டாள்.

அவன் தொட்டிப் பக்கம் திரும்பினான். "சரி, மூடிடு. காலைல ஆரம்பி. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"தொட்டி போயிடுமோன்னு பயம் வந்தா எவனும் பண்றதுதான். நீ போய்ப் படு."

அவள் வழக்கமான தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

ஞாயிறு விடியும் முன் எழுந்தபோது தாடை வலித்தது. இரவு உடையின் கழுத்தில் ஏதோ சொட்டிக் காய்ந்து மொடமொடவென்றிருந்தது. எச்சிலாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். கீழ்ப்பல் வரிசையின் பின்பக்கம் நாக்கில் ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டது. பற்காரை. அந்த இடத்தில்தான் எல்லாருக்கும் சேரும். இந்தக் கவலையில் தன் பல்லைக் கவனிக்க எங்கே நேரம்? ஊருக்குத்தான் உபதேசம் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஏணியைத் தூக்கினாள்.

கூரையில் நான்கு கண்ணாடி மூடிகளுக்கும் கறுப்புக் குப்பைப் பை சுற்றி, மேலே வாளி கவிழ்த்து, செங்கல் வைத்தாள். பின்னறை ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டினாள். கதவின் அடியில் பூனை போய்வர ஒரு ஓட்டை உண்டு. அதில் குளியல் துண்டைத் திணித்தாள். டெல் தானாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். கையைத் தூக்கிக் காட்டினான். அவள் கதவைப் பூட்டினாள்.

முதல் நாள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தே இருந்தாள்.

"மணி என்ன நோரீன்?"

"பதினொண்ணு."

"வெயில் எப்படி இருக்கு?"

"நூத்திப் பத்து டிகிரி. கள்ளியே கருகிடும் போல இருக்கு."

"எந்தப் பக்கம் விழுது?" என்று கேட்டான். அவள் சொன்னாள். சமையலறை மேஜையில், உன் நாற்காலியில், சுவரில் உன் அம்மா படத்தில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். உள்ளே அவன் மூச்சு ஈரமாக ஏறி இறங்கியது. மாலையில் இருமல் தொடங்கியது. பிறகு ஏதோ சளசளவென்று தரையில் கொட்டும் சத்தம். கதவின் இடுக்கிலிருந்து பழுப்பாக ஒரு கொழகொழப்பு மெல்ல வழிந்து அவள் பாதத்தைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. மீன் குடல் நாற்றம். நோரீன் பிளீச் ஊற்றித் துடைத்தாள், துணி வழுக்கியது, மறுபடி ஊற்றினாள், நான்கு துணி நாறிப்போயின. நடுவில் இரண்டு தடவை போய் வாந்தி எடுத்தாள். ஆனாலும் மனதில் சந்தோஷம். வெளியே வருகிறது. ராமிரோ சொன்ன மாதிரியே எல்லாம் வெளியே வருகிறது.

இரண்டாம் நாள் மதியம் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மெலிந்து, காற்று மட்டும் வருகிற குரல்.

"நோரீன். பசிக்குது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த ஒரு சொல்லுக்குத்தானே ஏங்கிக் கிடந்தாள்! "இன்னும் ரெண்டே ரெண்டு நாள் கண்ணு. புதன்கிழமை மத்தியானம் மேஜையில உக்காந்து சாப்பிடலாம். டியூனா வேண்டாம், மாட்டுக்கறி வறுக்கிறேன்."

"பசிக்குது. கதவைத் திற."

"இன்னும் ரெண்டு நாள்."

உள்ளே ஏதோ கதவின் மரத்தைத் தடவியது. கீழிருந்து மேலாக, ஒரே சமயத்தில் பல இடத்தில், மெத்து மெத்தென்று. பிறகு வேறு மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி, டெல்லின் பழைய குரல் வந்தது.

"திறக்காத. நான் கெஞ்சினாலும் திறக்காத."

அன்று சாயங்காலம் பூனை மஃபினைக் காணவில்லை. நோரீன் பூனை உணவு டப்பாவைத் தட்டிக்கொண்டே வீடு முழுக்கத் தேடினாள். பின்னறைக் கதவின் அடியில் திணித்த துண்டு வெளியே இழுபட்டுக் கிடந்தது. மீன் வாசனைக்கு அலைகிற பூனை. குனிந்து காதை வைத்தாள். உள்ளே கழுத்து மணி ஒருமுறை கிணுங்கியது.

இன்னொரு முறை கிணுங்கவில்லை.

துண்டை மறுபடி திணித்து, அதன் முன்னால் அலமாரியை நகர்த்தி வைத்தாள். பூனைதானே, எங்காவது மேஜைக்கடியில் படுத்திருக்கும் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒரு சத்தமும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். கதவைத் தட்டினாள். "வெயில் உன் நாற்காலில விழுது டெல்," என்று சொல்லிப் பார்த்தாள். நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது. பூட்டில் சாவியை நுழைத்து நுழைத்து எடுத்தாள். சமையலறை ஜன்னல் முன்னால் நின்றே பொழுதைக் கழித்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு தானும் எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கவலையில் எவளுக்குப் பசிக்கும்? வெயில் முகத்தில் விழுந்தது இதமாக இருந்தது. நாக்கு மட்டும் சும்மா இல்லாமல் அந்தக் காரையைத் தடவிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை. பன்னிரண்டு மணி. மாட்டுக்கறியை வறுத்து மேஜையில் வைத்தாள். இரண்டு தட்டு. அலமாரியை நகர்த்தினாள். பூட்டைத் திறந்தாள்.

இருட்டு. நாற்றத்தில் கண் எரிந்தது. தொட்டியின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"டெல்?"

டார்ச்சை அடித்தாள். முதலில் தரை தெரிந்தது. தரை ஈரமாக மின்னியது. பிறகு வெள்ளையாக ஒரு நூல். இன்னொன்று. கிடக்கவில்லை. மிதந்தன. காற்றில், தண்ணீரில் மிதப்பது மாதிரி, மெல்ல அசைந்துகொண்டு. நாற்காலிக் காலைச் சுற்றி. சுவரில். மேஜைக்கடியில் ஒரு கொத்து உருண்டையாகத் திரண்டிருந்தது. உருண்டைக்குள் சின்ன மணி. சிவப்புக் கழுத்துப் பட்டை. சுத்தமாக உரிந்த, விரல் நீள எலும்புகள்.

டார்ச்சை உயர்த்தினாள்.

டெல் உட்கார்ந்திருந்தான். சுண்ணாம்பு வெள்ளை. முகம், கை, நகம், கண், எல்லாம். வாய் திறந்திருந்தது. திறக்கக்கூடிய அளவைத் தாண்டித் திறந்திருந்தது. நூல்கள் அத்தனையும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தன. அவள் அடி எடுத்து வைத்தாள். தரை லேசாக அதிர்ந்தது. நூல்கள் அத்தனையும் நின்றன.

அவள் பக்கம் திரும்பின.

கணுக்காலில் தீப்பட்டது. அலறினாள். காலை உதறினாள். தோல் பட்டையாக உரிந்து நூலோடு போனது. பின்பக்கமாக விழுந்து, தவழ்ந்து, எழுந்து, வெளியே ஓடினாள். வெயில். வெயில் வேண்டும். வெயில் கொடுத்தால் சாதுவாகிவிடும். ஏணி. கூரை. உள்ளங்கை சுட்டது. செங்கல், வாளி, பை. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. கண்ணாடி மூடியின் வழியே கீழே பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு தரையில் ஈரத்துணி விழுவது போலச் சத்தம். ஒன்றன்பின் ஒன்றாக.

அவள் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தபோது அறையில் நாலு வெயில் தூண் நின்றிருந்தது. நூல்கள் தரையெல்லாம் சளியாகக் கரைந்து கிடந்தன. டெல் அசையவில்லை. வாய்க்குள் எதுவும் விரியவில்லை. தொட்டியிலிருந்த பழைய பாறையும் வெளுத்துத்தான் இருந்தது. அவள் அவன் கையை எடுத்தாள். விரல் நுனி சாக்பீஸ் மாதிரி உதிர்ந்து அவள் உள்ளங்கையில் ஒட்டியது. மூன்று நாள் இருட்டு அவனையும் சேர்த்தே கொன்றுவிட்டது. நான்தான் கொன்றேன் என்று நோரீன் வாய்விட்டு அழுதாள். அருவருப்பு எல்லாம் எங்கோ போய்விட்டது. உதிர்ந்துகொண்டிருந்த அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த தட்டு கண்ணில் பட்டது. வெட்டுக் குறடு. மூடி திறந்த பசைக் குழல். பக்கத்தில் அவளுடைய பல் பார்க்கும் கண்ணாடி; அவள் பெட்டியில் வைத்துப் பூட்டியது. தட்டில் இரண்டு பள்ளங்களுக்கு மட்டும் சீட்டு ஒட்டியிருந்தது. டெல்லின் கோணல் கையெழுத்து. ஒன்றில் 'ராமிரோ' என்றிருந்தது, தேதி போடவில்லை. இன்னொன்றில் 'நோரீன், சனிக்கிழமை'.

இரண்டு பள்ளமும் காலியாக இருந்தது.

நாக்கு தானாகக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போனது.

அது சொரசொரப்பாக இல்லை இப்போது. மெத்தென்று இருந்தது.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெயில் வட்டத்துக்குள் நின்றாள். வாயைத் திறந்தாள். பல்லின் பின்னால் பசை வெள்ளையாகத் தெரிந்தது. அதன் மேல் பழுப்பாக ஒரு பயறு எழும்பி விரல் விரித்தது. நடுவில் கீறல் திறந்தது. அதன் பக்கத்தில் ஈறில் இன்னும் இரண்டு. நாக்கின் அடியில் நான்கு. வெயில் உள்ளே இறங்க இறங்க, பத்து நாளாக இல்லாத ஒரு நிம்மதி அவள் உடம்பெல்லாம் பரவியது. வயிறு நிறைந்த நிம்மதி.

காரை சுரண்டும் கொக்கி சமையலறைப் பெட்டியில்தான் இருந்தது. போய் எடுத்து வந்தாள். இருபத்தாறு வருடப் பழக்கம்; ஒரே இழுப்பில் பெயர்ந்து வந்துவிடும். நுனியைப் பசையின் ஓரத்தில் வைத்தாள். கை நின்றது. டெல்லில் மிச்சம் இருப்பது இதுதான். வேறு எதுவும் மிச்சமில்லை, கையில் ஒட்டிய இந்தச் சுண்ணாம்பைத் தவிர.

கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில் தனக்கும் இடம் கிடைக்க அவன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம், அப்புறம் சுரண்டிவிடலாம் என்று நினைத்தாள்.

நாலு தூணும் மங்கின. வெளியே எங்கோ இடி உருண்டது. ஜூலையின் முதல் மேகம். வட்டங்கள் சாம்பலாயின. வாய்க்குள் எல்லாம் சட்டென்று சுருங்கி உள்ளே போயின. பிறகு, மெதுவாக, வேறு ஏதோ நீள ஆரம்பித்தது.

நாலு நாளைக்குப் பிறகு நோரீனுக்குப் பசித்தது. வயிற்றை முறுக்கும் பசி. மேஜையில் இருந்த கறியின் வாசனை அவளுக்குக் குமட்டியது.

வாசலில் வண்டி வந்து நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம். செருப்புச் சத்தம் படியேறியது.

"நோரீன்! டெல்! நான்தான், ராமிரோ. என்னோட துண்டு ரெடியா?"

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. உதட்டைத் தாண்டி வெள்ளையாக ஒரு நூல் வந்து, காற்றில் ஒரு கணம் தயங்கி, வாசல் பக்கம் திரும்பியது.